வஹிதாக்கா வாயைத் திறந்தாள்

எங்கள் அத்தா காசிம் கமர்கட்டு போடுகிறவர். மாரண்டஹள்ளியிலிருந்து இரண்டு மைல் உள்ளே எங்கள் ஊர். வெல்லம், தேங்காய்த் துருவல், கொஞ்சம் ஏலக்காய். உருட்டி ஜாடியில் போட்டால் பாலக்கோடு வரைக்கும் பெட்டிக்கடைகளுக்குப் போகும். வாயில் போட்டவனால் அரை மணி நேரம் பேச முடியாது. அதனால் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு எங்கள் சரக்கின் மேல் தனி மரியாதை இருந்தது. என்னை ஏழாம் வகுப்போடு நிறுத்தியபோது அவர்கள் வருத்தப்பட்டிருந்தால் அது கமர்கட்டுக்காகத்தான் இருக்கும்.

பாகுக்குப் பதம் பார்ப்பது என் அக்கா வஹிதா. கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவாள். உருட்டுவாள். கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பாள். பல்லில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும். டக்கென்று உடைந்தால் இறக்கலாம். மற்ற மிட்டாய்க்காரர்கள் அந்த உருண்டையைத் தட்டில் போட்டுச் சத்தம் கேட்பார்கள். அத்தாவுக்குத் தட்டின் மேல் நம்பிக்கை இல்லை.

"தட்டு ஆளுக்குத் தகுந்த மாதிரி சத்தம் போடும். எம்மவ பல்லு அப்படிப் போடாது" என்பார்.

பன்னிரண்டு வயதில் அக்கா கடிக்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. வலது பக்கத்துப் பல் குழி விழுந்ததும் இடது பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். வலது பக்கத்தில் மாதம் ஒரு முறை ஈறு வீங்கும். கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு, கன்னத்தில் தாவணியைச் சுற்றியபடி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து, ஒரு கன்னத்தில் முழுக் கமர்கட்டை அடக்கிக்கொண்டு அவளைப் போலவே முனகிக் காட்டுவேன். "போடி ஷைத்தானே" என்பாள். எனக்கு வைத்த பெயர் வேறு. அதை அவள் மறந்து வெகுநாளாயிற்று.

அக்காவைப் பற்றி எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஒன்பது வயதில் அவளுக்குத் தொண்டைக் காய்ச்சல் வந்தது. அது போனதும் முழங்கால், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒன்று மாற்றி ஒன்று வீங்கின. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் பார்த்தவர், இதயத்தின் வால்வில் தழும்பு விழுந்துவிட்டது என்றார். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, இருபத்தைந்து வயது வரை. ஒரு மஞ்சள் அட்டை எழுதிக் கொடுத்தார். அதன் கடைசி வரி தமிழில் இருந்தது: "பல் பிடுங்கும் முன் இந்த அட்டையைக் காட்டவும்." நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதும் எனக்கு அதைவிட வேடிக்கையான வரி எதுவும் அகப்படவில்லை. நெஞ்சுக்குள் இருக்கிற வால்வுக்கும் வாய்க்குள் இருக்கிற பல்லுக்கும் என்ன உறவு என்று அக்காவைக் கேட்டேன்.

"பக்கத்து வூடு போல இருக்குது" என்றாள்.

அம்மா ஹமீதுன்னிசா அந்த அட்டையை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்தாள். மூன்று வாரத்துக்கொரு தடவை பஸ் ஏறும்போது யாராவது கேட்டால், "சத்து ஊசிங்க. புள்ள ஒல்லியா இருக்குதில்ல" என்பாள். பத்து வருஷமாகச் சத்து ஊசி போட்டும் ஒரு பெண் ஏன் தேறவில்லை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் அவ்வளவு நல்ல ஊர்.

அக்காவுக்கு இருபது வயதானபோது வரன் பேச்சு ஆரம்பித்தது. ஊசி நின்றது. "நிக்காஹ் முடியட்டும், அப்புறம் போட்டுக்கலாம். ஆஸ்பத்திரி வாசல்ல யாராச்சும் பாத்துட்டா என்ன சொல்றது" என்றாள் அம்மா. அத்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கியமான பேச்சு நடக்கும்போதெல்லாம் அவருக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

வரன் ஓசூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காஜா. முதலில் போட்டோ வந்தது. பவுடர் அப்பி, பூந்தொட்டிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பென்சிலால் அவருடைய முன்பற்களைக் கவனமாகக் கறுப்பாக்கி, "எங்கூர் மாப்பிள்ளையாவே ஆக்கிட்டேன்" என்று அக்காவிடம் கொடுத்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் எச்சில் தொட்டு அரை மணி நேரம் துடைத்தாள். பென்சில் போகவில்லை. மாப்பிள்ளையின் மூக்குதான் கொஞ்சம் போயிற்று.

எங்களூர் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு போர்க் குழாய்த் தண்ணீர். அதைக் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் முன்பல்லில் பழுப்புக் கோடு ஓடும். காரைப்பல் என்போம். வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது பல். எங்களுக்கு அது ரேஷன் கார்டு மாதிரி, எந்த ஊர் என்று சிரித்தாலே தெரிந்துவிடும்.

காஜாவின் அம்மா ஷரீபுன்னிசா பெண் பார்க்க வந்தார். அக்காவை நடக்கச் சொன்னார், ஓதச் சொன்னார், பேச வைத்தார். எல்லாம் பிடித்தது. கிளம்பும்போது அம்மாவின் காதருகே சொன்னார்.

"பொண்ணு லட்சணமா இருக்குது சம்பந்தி. சிரிச்சா மட்டும் உங்கூரு தண்ணி தெரியுது. எங்க பக்கம் நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"தேச்சா போயிரும்ங்க" என்றாள் அம்மா. நாற்பது வருஷமாகத் தேய்த்தும் போகாத பல்லை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாள்.

"பாலக்கோட்டுல மாயவன்னு ஒருத்தரு இருக்காரு. காரையச் சுரண்டி வெள்ளையாக்கித் தருவாராம். நானே வர்றேன், கூட்டிட்டுப் போவோம்."

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். மாயவன் கடைத்தெருவில் ஒரு தட்டியின் பின்னால் நாற்காலி போட்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பல் செட்டுகள் சிரித்துக்கொண்டிருந்தன. அக்காவை உட்கார வைத்தார். ஷரீபுன்னிசா மாமி அக்காவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மாயவன் ஏதோ திராவகத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினார். கொக்கி மாதிரி ஒன்றை வைத்துச் சுரண்டினார். ஈறிலிருந்து ரத்தம் வந்து உதடு சிவந்தது. பிறகு வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணு மொத்தமா சொத்தை. அடியில சீழு கட்டிக் கெடக்குது. அதையும் புடுங்கிருவோம்மா. அதுக்குத் தனியா எதுவும் வேணாம்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அட்டையின் கடைசி வரி எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒரு வாய் போதும். ஆனால் ஷரீபுன்னிசா மாமி அங்கேயே நிற்கிறார், அக்காவின் கையைத் தடவிக் கொடுத்தபடி, "கண்ண மூடிக்கம்மா, ஒரு நிமிசம்தான்" என்கிறார்.

அம்மா சொன்னாள், "எடுத்துருங்க."

முன்பல்லைக் காட்டுவதற்காகப் போனோம், பின்பல்லைக் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் சந்தோஷம். அக்காவின் முன்பல் பழுப்பு குறைந்து சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஏப்ரல் கடைசியில், ரம்ஜானுக்கு முன்னால், நிக்காஹ் என்று முடிவாயிற்று.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. பகலெல்லாம் சும்மா இருக்கும். சாயங்காலம் அஸர் தொழுகை நேரம் ஆனால் நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தினாலும் பல் கிட்டும். பிறகு வேர்த்து ஊற்றும். கம்பவுண்டர் சவுரியப்பன் டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார். ஐந்து நாள் காய்ச்சல் இல்லை. மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள் திரும்ப வந்தது. வேறு மாத்திரை கொடுத்தார். போனது, வந்தது. தர்காவில் ஓதித் தாயத்துக் கட்டினோம். காய்ச்சல் தாயத்துக்கும் ஒரு வாரம் மரியாதை கொடுத்தது.

அக்கா கரைந்துகொண்டே போனாள். தைத்து வந்த ஜாக்கெட்டை மார்ச்சில் இரண்டு தடவை பிடித்துத் தைத்தார்கள். "கல்யாணப் பொண்ணுன்னா அப்படித்தான், யோசனையில எளைச்சுருவாங்க" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். சொல்லும்போது அவள் கை எதையாவது பிசைந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் அக்காவின் விரல் நகங்களுக்கு அடியில் மெல்லிய செங்கோடுகள் தெரிந்தன, மரச் சிலாம்பு ஏறிய மாதிரி. நான், "இப்பவே மருதாணி வெச்சு ஒத்திகை பாக்கறியா" என்றேன். அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கால் விரலும் வலிக்குதுடி. தரையில வெக்க முடியல. அம்மாகிட்ட சொல்லாத."

அன்றைக்கு நான் அரிசி டின்னைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்து என் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. பிறர் பொருளை ஒளித்து வைப்பது எனக்குப் பழக்கம்.

ஏப்ரல் முதல் வாரம் அடுப்பங்கரையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அக்கா உட்கார்ந்துவிட்டாள். மூச்சு நாய்க்குட்டி மாதிரி இறைத்தது. அத்தா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். நான் பார்த்து அது முதல் தடவை. பாகு தீய்ந்துகொண்டிருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாடகைக் காரில் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

வார்டில் ஒரு டாக்டர், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"நெஞ்சுல ஒரு சத்தம் கேக்குது. ரத்தம் கம்மியா இருந்தாலும் கேக்கும், அதான் குழப்பமா இருக்குது. ஏம்மா, சின்ன வயசுல இவங்களுக்கு மூட்டு வீக்கம், இதயத்துல கோளாறு, ஏதாவது இருந்துச்சா?"

"இல்லைங்க. நல்லா ஓடியாடுன புள்ளைங்க" என்றாள் அம்மா.

"பல்லுல ஏதாவது பிரச்சினை?"

"அது தண்ணிக் காரைங்க. எங்கூருல எல்லாருக்கும் அப்படித்தானுங்க."

டாக்டர் தலையாட்டினார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் பார்த்த வாய் எல்லாம் அப்படித்தான் இருந்திருக்கும். அது பொய்யும் இல்லை. எங்கள் ஊரில் பல் என்றால் முன்பல், பல் கோளாறு என்றால் காரை. மற்றது எல்லாம் வாய்க்குள் இருக்கிற சமாசாரம். சேலத்துக்கு ரத்தம் அனுப்பலாம், முடிவு வர நாளாகும், மருந்தை மாற்றிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் அம்மாவைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்தேன். "அட்டை எங்கிட்ட இருக்குது. காட்டிரட்டா?"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. "இன்னும் மூணு வாரம்டி. காய்ச்சல் விட்டுரும். விட்டுருமில்ல? அவங்களுக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது. அப்புறம் யாரு கட்டுவாங்க அவள?" அவள் என்னைத் திட்டவில்லை, என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளிடம் திட்டு வாங்கி எனக்குப் பழக்கம் உண்டு. இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஷரீபுன்னிசா மாமி ஓசூரிலிருந்து திராட்சைப் பையோடு வந்துவிட்டார். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "டைபாய்டுதானாம்ல? எங்க பக்கத்து வூட்டுப் புள்ளைக்கும் வந்து போச்சு. சரியாயிரும்" என்றார். நான்கு வார்த்தை பேச இரண்டு மூச்சு வேண்டியிருந்தது அக்காவுக்கு.

அப்போதுதான் டாக்டர் வந்தார். அட்டவணையைப் பார்த்தார். முந்தின மாலை நூற்று மூன்று. நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தவர், இந்த முறை அம்மாவிடம் கேட்கவில்லை. அக்காவிடம் குனிந்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. ஏதாவது விட்டுப் போச்சா? எனக்குத் தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும். நாள் ரொம்ப இல்ல."

அம்மா, "அதான் சொன்னனுங்களே" என்று ஆரம்பித்தாள். ஷரீபுன்னிசா மாமி திராட்சையைக் கழுவுவதற்காகப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா மாமியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாயை அகலத் திறந்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, வலது பக்கம் கடைசியில் இருந்த குழியைத் தொட்டுக் காட்டினாள்.

விரலை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஜனவரில புடுங்கினாங்க. சீழு இருந்துச்சு. எனக்கு ஒம்பது வயசுலருந்து வால்வு பழுதுங்க. ஊசி போட்டுட்டு இருந்தேன். ஒரு வருசமா இல்ல. அட்டை…" மூச்சு வாங்கினாள். "அட்டை வூட்டுல இருக்குது."

"வூட்டுல இல்ல" என்று நான் மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வியர்வையில் நனைந்து மடங்கியிருந்தது. டாக்டர் அதைக் கட்டில் கம்பியில் வைத்து நீவி, கடைசி வரி வரைக்கும் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லார் வாயிலயும் கிருமி இருக்குதும்மா. பல்லு சொத்தையாயி, ஈறு வீங்கிக் கெடந்தா, அது வழியா ரத்தத்துல எறங்கும். புடுங்கும்போது மொத்தமா எறங்கும். நல்ல இதயமா இருந்தா ரத்தம் அடிச்சுட்டுப் போயிரும். வால்வுல தழும்பு இருந்தா அங்க ஒட்டிக்கும். ஒட்டிக் கூடு கட்டி, வால்வையே தின்னும். அந்தக் கூட்டுலருந்து துணுக்கு பிஞ்சு போய்த்தான் நகத்துல இந்தக் கோடு. இதே துணுக்கு மூளைக்கும் போகலாம்." பிறகு அக்காவைப் பார்த்து, "பல்லு ஏன் இவ்வளவு மோசமாச்சு? இனிப்பு நெறைய சாப்பிடுவீங்களா?"

அத்தா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அவர்தான் பதில் சொன்னார். "பாகுக்குப் பதம் பாக்கும் சார். நாளைக்கு முப்பது நாப்பது தடவை. பன்னெண்டு வயசுலருந்து."

"ஒட்டுற சர்க்கரை. அந்தக் கிருமிக்கு நாள் முழுக்க விருந்து" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அத்தா அதற்கப்புறம் வார்டுக்குள் நிற்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வேப்பமரத்தடியில் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஷரீபுன்னிசா மாமி திராட்சைப் பையை மேசை மேல் வைத்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடம்தான் சொன்னார்.

"அன்னைக்கு உங்கைய நாந்தானேம்மா புடிச்சுட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுப்பிக் கூட்டிட்டு வந்திருப்பேனே. கல்யாணம் நடந்திருக்காது, அது நெசம். ஆனா அந்த நாக்காலிலருந்து எழுப்பியிருப்பேன்."

"தெரியும் மாமி" என்றாள் அக்கா.

ஒரு வாரத்தில் ஓசூரிலிருந்து ஆள் வந்து நிச்சயத்துக்கு வைத்த சேலையை வாங்கிக்கொண்டு போனார். திட்டவில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, கூட இன்னொரு ஊசி. ஆறு வாரம் என்றார்கள். முதல் வாரம் காய்ச்சல் அசையவில்லை. கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள். ஒரு காலையில் அக்காவுக்கு இடது கண் பார்வை பாதி மறைந்தது. துணுக்கு ஒன்று போயிருக்கலாம் என்றார் டாக்டர். "சாயங்காலம் எப்படி இருப்பாங்கன்னு சொல்ல முடியல" என்று அவர் நர்ஸிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் அக்காவுக்கு எதிரில் நின்று வார்டில் இருந்த அத்தனை பேரைப் போலவும் நடித்துக் காட்டினேன், கன்னத்தை உப்பிக்கொள்ளும் நர்ஸ், கட்டிலுக்கடியில் பீடி தேடும் மாரப்பன் தாத்தா, எல்லோரையும். அவள் சிரிக்கவில்லை. பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் கண்ணை மூடிவிடுவாளோ என்று பயந்து நான் நிறுத்தவே இல்லை.

பதினோராம் நாள் காய்ச்சல் தொண்ணூற்று ஒன்பதில் நின்றது. பன்னிரண்டாம் நாளும். கண்ணில் போன பார்வை திரும்பி வரவில்லை. வால்வு முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது, மதராஸில் ஆபரேஷன் செய்ய எழுதித் தருகிறேன், அங்கே வரிசை நீளம், அதற்குள் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்கு முன்னால் வாயில் மிச்சமிருக்கும் சொத்தையை எல்லாம் எடுத்துவிட வேண்டும், இந்த முறை மருந்து கொடுத்துவிட்டு.

ஐந்தாவது வாரம் பல் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். அக்கா ஒரு பக்கம் என் தோளிலும் ஒரு பக்கம் அம்மாவின் தோளிலும் சாய்ந்து நடந்தாள். வாசலில் நீள வரிசை. அதில் எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். சாலம்மாள் அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, "ஏன் ஹமீது, வஹிதாவுக்கு என்ன? கல்யாணம் நின்னு போச்சாமே" என்றார். வரிசை முழுவதும் திரும்பியது.

அட்டையை வாங்க நர்ஸ் கையை நீட்டினார். "என்ன கேஸ்?"

அக்கா சொல்வதற்காக மூச்சை இழுத்தாள். அம்மா அவளை முந்திக்கொண்டாள். சந்தையில் சரக்குக்குக் கூவுகிற குரல் அது.

"எம்மவளுக்கு இதய வால்வு பழுதுங்க. ஒம்பது வயசுலருந்து. நாந்தான் மறைச்சேன். பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி மருந்து குடுத்தாச்சான்னு பாத்துருங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டார். சாலம்மாள் அக்கா வரிசையில் ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டார்.

உள்ளே போக மூன்று படி. இரண்டாவது படியில் அக்கா நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. அம்மா அவள் முதுகில் கையை வைத்து, அது ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு நின்றாள்.